தண்டல், அடகு, சீட்டு: வரவு ஏறி இறங்கும் வீட்டில் எதை முதலில் கட்டுவது?

வைகைக்கரை எழுதியது:

மதுரை செல்லூரில் ஒரு குடும்பத்தின் கணக்கு இது. நாலு பேர். அவங்க சம்மதத்தோட போடுறேன், பேர் வேண்டாம்.

வரவு: வீட்டம்மாவுக்கு ஜவுளிக்கடைச் சம்பளம் 13,000, மாறாது. வீட்டுக்காரருக்கு லோடு ஆட்டோ. டீசல் போக நல்ல மாசம் 23,000 நிக்கும், மோசமான மாசம் 9,000. சராசரி 16,000. ஆர்டர் குறைஞ்சுகிட்டே வருது.

கட்ட வேண்டியது: வாடகை 6,500. ஏலச்சீட்டு 1 லட்சம், 20 பேர், 20 மாசம். 7 மாசம் கட்டியாச்சு, இன்னும் எடுக்கல, கசர் (ஏலத் தள்ளுபடியில் நம்ம பங்கு) போக மாசம் 4,500 வருது. தண்டல் 20,000, கைக்கு 17,000 வந்தது, தினம் 200 வீதம் 100 நாள், 40 நாள் முடிஞ்சது. அடகுக்கடையில் 2 பவுன் வளையல் மேல 60,000, ரெண்டு வட்டி. மகளிர் குழுக் கடன், 14 நாளுக்கு ஒருதரம் 1,150.

கையிருப்பு: வீட்டில் இன்னும் 4 பவுன் நகை, வங்கியில் 11,000. சாப்பாடு, கேஸ், கரண்டு, பிள்ளைங்க செலவு எல்லாம் சேர்த்து மாசம் 9,500.

சீட்டை எடுத்து மொத்தத்தையும் அடைக்கிறதா, நகையை விக்கிறதா? தங்கம் ஏறிகிட்டே இருக்கு, நகைச்சீட்டு ஒண்ணு சேரணும்னும் வீட்டில் பேச்சு ஓடுது. கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருமங்கலம்_கணக்கு எழுதியது:

சராசரியை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வரவு ஏறி இறங்கும் வீட்டுக்குத் தாழ்ந்த மாதம்தான் அளவு. 13,000 + 9,000 = 22,000. இதுதான் இந்த வீட்டின் வரவு என்று எழுதிக்கொள்ளுங்கள். மேலே வருவதெல்லாம் செலவுக்குரிய பணம் இல்லை.

இனி கட்டாயச் செலவு. வாடகை 6,500, சீட்டு 4,500, அடகு வட்டி 1,200, தண்டல் மாதம் 6,000. குழுக் கடனை 2,300 என்று போட்டுவிடாதீர்கள். 14 நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 26 தவணை. மாதத்துக்கு ஏறக்குறைய 2,500 ஆகிறது. வருடத்தில் இரண்டு மாதம் மூன்று தவணை விழும், பலருக்குத் துண்டு விழுவது அந்த மாதத்தில்தான்.

மொத்தம் 20,700. தாழ்ந்த மாதத்தில் மிச்சம் 1,300. தேவை 9,500. ஆக, மோசமான மாதம் ஒவ்வொன்றிலும் 8,200 துண்டு விழுகிறது. சராசரி மாதத்திலேயே 1,200 துண்டு. கையில் இருக்கும் 11,000 ஒன்றரை மாதம் தாங்காது. அதன் பிறகு வாசலில் நிற்கப்போவது அடுத்த தண்டல்.

இந்த வீடு வீண்செலவு செய்யவில்லை. 9,500-இல் நாலு பேர் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போவதே சிக்கனம். அவசரத்துக்கு வாங்கிய இடம்தான் தவறு. அதனால் இப்போது பார்க்க வேண்டியது ஒன்றே: அடுத்த அவசரத்தில் 10 சதவீத வட்டிப் பணம் கையில் இருக்க வேண்டும், 120 சதவீத வட்டிப் பணத்துக்குப் போகக் கூடாது.

ஆரப்பாளையம் எழுதியது:

120 சதவீதம்னு சொன்னது தண்டலைத்தானே அண்ணே? அப்ப முதல்ல அதைத் தூக்கி எறியணும். நாளைக்கே ஒரு நகையை வச்சு மீதி 12,000-ஐக் கட்டி முடிக்கச் சொல்லுங்க.

திருமங்கலம்_கணக்கு எழுதியது:

தம்பி, அவசரப்பட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

17,000 வாங்கி 100 நாளில் 20,000 கட்டினால் வட்டி 3,000. ஆனால் 17,000 முழுதும் 100 நாள் அவர் கையில் இல்லை. முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், ஆண்டுக்கு 120. நம் பேச்சில் பத்து வட்டி.

ஆனால் அந்த 3,000 முதல் நாளே பிடித்தாகிவிட்டது. மீதி 12,000-க்கு முன்கூட்டிக் கட்டினாலும் அதே 12,000 என்று தண்டல்காரர் சொன்னால், இன்றிலிருந்து அந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது நட்டம். தினம் 200 கட்டி முடிக்கட்டும்.

குறைப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம். நியாயக் கணக்கில் இன்றைய மதிப்பு 10,900 அளவில் நிற்கிறது. அவர் 500 ரூபாய் குறைத்து 11,500 என்றாலே முடித்துவிடலாம். நகைக்கடனில் அந்தப் பணத்துக்கு ஆகும் வட்டி 100 ரூபாயைத் தாண்டாது. முடித்த அன்றே அட்டையில் கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரமோ காசோலையோ கொடுத்திருந்தால் அதையும் கையோடு.

தண்டலில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 60, 70-ஆம் நாளில், ‘மீதியைக் கழிச்சுக்கிட்டுப் புதுசா 20,000 போடவா?’ என்று கேட்பார்கள். வாங்கினால் அன்றே மறுபடி 3,000 போய்விடும், கைக்குப் பாதி அளவுதான் வரும். வருடக்கணக்கில் தண்டல் கட்டும் வீடுகள் இப்படித்தான் சிக்குகின்றன.

தெற்காவணி எழுதியது:

அடகு விஷயத்துக்கு வர்றேன். உடனே காசு மிச்சமாகிற இடம் இதுதான்.

60,000-க்கு ரெண்டு வட்டி, மாசம் 1,200. ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவிலோ 9 முதல் 10 வரைதான். 9.5-ன்னு போட்டா மாசம் 475. இதே கடனை இடம் மாத்துறதுலேயே 725 மிச்சம்.

அடகுக்கடையில் இருக்கிற நகையை மீட்கப் பணம் வேணும், அது இல்லாமத்தான் பல பேர் அங்கேயே கிடக்குறாங்க. இவங்களுக்கு வீட்டில் 4 பவுன் இருக்கு. அதுல ஒரே ஒரு பவுன் போதும். பவுன் 1 லட்சம்னு முழுசா வச்சுக்குவோம். 75 சதவீதம்னா 75,000 கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த விதிப்படி, 2026 ஏப்ரல் 1 முதல், 2.5 லட்சம் வரை உள்ள கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதுக்கு மேல 75 வரை கொடுக்கலாம். வருஷக் கடைசியில் மொத்தமாக் கட்டுற கடன்னா வட்டியையும் சேர்த்துத்தான் அந்த வரம்பு, அதனால கைக்கு வர்றது 77,000 பக்கம் நிக்கும். கொடுக்கலாம்ங்கிறதால எல்லாக் கிளையும் கொடுத்துடாது. 75-ஐ வச்சே திட்டம் போடுங்க.

செய்ய வேண்டிய வரிசை:

முதல்ல அடகுக்கடை ரசீதை எடுத்துத் தேதியைப் பாருங்க. அடகுக்கடைகளில் ஒரு மாசம் ரெண்டு நாள் ஆனாலும் ரெண்டு மாச வட்டி போடுறது வழக்கம். தேதிக்கு ஒரு நாள் முன்னாடி மீட்டா 1,200 மிச்சம்.

வங்கிக்கு எடுத்துப்போக கல், மெழுகு, அரக்கு இல்லாத சங்கிலியாத் தேர்ந்தெடுங்க. கல் வச்ச தோட்டுக்கும் நெக்லஸுக்கும் கல் எடையைக் கழிப்பாங்க, மதிப்பீட்டாளர் கூடுதலாவே கழிச்சாலும் நாம ஒண்ணும் சொல்ல முடியாது. 916 முத்திரையும் 6 எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி.யும் (நகையின் தனி அடையாள எண்) இருக்கிற நகைன்னா பேச்சே இல்லை. ஆதார், பான், சேமிப்புக் கணக்குப் புத்தகம் கையில இருக்கட்டும்.

ரசீதில் மொத்த எடை, கழிவு எடை, நிகர எடை மூணும் தனித்தனியா இருக்கணும். நிகர எடை மட்டும் போட்டுக் கொடுத்தா கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க. நகை எத்தனை உருப்படி, கொக்கி எப்படி, எங்காவது ஒட்டு இருக்கான்னு வீட்டிலேயே தராசுத் தட்டோட ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கலாம்.

75,000 வாங்கி, அன்னைக்கே 61,200 கட்டி 2 பவுன் வளையலை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரணும். மீதி 13,800 கையில். பழைய 11,000-உம் சேர்ந்தா 24,800. கடன் 15,000 கூடியிருக்கு, ஆனா மாச வட்டி 1,200-ல இருந்து 600-க்கு இறங்கிருச்சு, வீட்டில் 5 பவுன் சும்மா இருக்கு.

இன்னொண்ணு. நகையெல்லாம் ஒரே மூட்டையா ஒரே கடன்ல வைக்காதீங்க. பின்னாடி தேவைப்பட்டா அடுத்த நகையைத் தனிக்கடனா வைங்க. 20,000 சேர்ந்ததும் ஒரு சின்ன கடனை முடிச்சு ஒரு நகையை எடுக்கலாம். மொத்தமா வச்சா மொத்தமாக் கட்டுற வரைக்கும் எல்லாம் உள்ளேயே கிடக்கும்.

மேலூரான் எழுதியது:

சீட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. 8-ஆம் மாதம் ஏலம் கேட்டு எடுத்தால் 20 சதவீதம் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு 80,000. கடைசி வரை இருந்தால் 5 சதவீதக் கமிஷன் போக 95,000. அதாவது 12 மாதம் முன்னதாக 80,000 வாங்குவதற்கு விலை 15,000. ஏறக்குறைய 19 சதவீதம். தெற்காவணி சொன்ன நகைக்கடன் 9.5. பாதி விலையில் பணம் கிடைக்கும்போது சீட்டை உடைக்கக் காரணம் இல்லை.

முதல் மாதம் எடுப்பவர் நிலை இன்னும் மோசம். 25 சதவீதம் தள்ளி 75,000 எடுத்து, மொத்தம் 88,000 கட்டினால் அவருக்கு ஆகும் வட்டி ஆண்டுக்கு 21 சதவீதம். கடைசியில் எடுப்பவருக்குக் கிடைப்பது 9 சதவீதத்தை ஒட்டி. ஒரே சீட்டு, எடுக்கிற மாதத்தைப் பொறுத்துக் கடனாகிறது அல்லது சேமிப்பாகிறது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு கேள்வியில் தொங்குகிறது: அது பதிவு செய்த சீட்டா?

1982 சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டுத் தொடங்குமுன் முன்அனுமதி வாங்க வேண்டும், நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பாதுகாப்பு கட்ட வேண்டும், உறுப்பினருக்கு ஒப்பந்த நகல் தர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் உச்சவரம்பு 7 சதவீதம். தனி ஆள் நடத்தும் சீட்டுகள் சேர்ந்து 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பதிவுத்துறைக்கு உட்பட்ட சீட்டுப் பதிவாளரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்த நகல் இல்லை, ஏலக் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்குவதில்லை, ரசீதுக்குப் பதில் ஒரு சின்ன அட்டையில் டிக் மட்டும் அடிக்கிறார்கள் என்றால், அது பதிவில்லாத சீட்டு. அங்கே என் பதில் தலைகீழ்: 15,000 போனாலும் பரவாயில்லை, அடுத்த ஏலத்திலேயே எடுங்கள். பதிவில்லாத சீட்டில் கடைசி ஆளாக நிற்பவர்தான் முழு ஆபத்தையும் சுமக்கிறார். ஒவ்வொரு மாதமும் கட்டக் கட்ட அவருடைய பணம்தான் உள்ளே அதிகம் நிற்கிறது.

வைகைக்கரை எழுதியது:

கேட்டுட்டேன் அண்ணே. பதிவுச் சீட்டுதான். ஒப்பந்த நகல் இருக்கு, மாசாமாசம் ரசீது வருது. அப்ப சீட்டை விட்டுடலாம். தெற்காவணி, நகைச்சீட்டு பத்தியும் சொல்லுங்க.

தெற்காவணி எழுதியது:

வேண்டாம். தங்கம் ஏறாதுன்னு சொல்லல. இந்த வீட்டில் ஏற்கெனவே 6 பவுன் இருக்கு, இல்லாதது ரொக்கம். அதான் காரணம்.

நகையா வாங்கினா எவ்வளவு போகுதுன்னு பாருங்க. பவுன் 1,00,000. செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம், 12,000. மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 3,360. பில் 1,15,360. அதே நகையை மறுநாள் வித்தா தங்க விலையில் 2 சதவீதம் கழிச்சு 98,000. 17,360 போச்சு. தங்கம் 17, 18 சதவீதம் ஏறின பிறகுதான் போட்ட காசு திரும்ப வரும். கல்யாணத்துக்குப் போட நகை வேணும்னு வாங்கினா அது வேற, அங்க செய்கூலி நகைக்கான விலை. சேமிப்புன்னு வாங்கினா அது முதல் நாளே நட்டம்.

நகைச்சீட்டு ஏன் 11 மாசம்னு பல பேருக்குத் தெரியாது. கம்பெனிகள் சரக்குக்கு வாங்குற முன்பணத்தை 365 நாளுக்குள்ள சரக்காக் கொடுக்கலைன்னா அது டெபாசிட் ஆயிடும், டெபாசிட் வாங்க விதிகள் கடுமை. அதனால 11-ல முடிக்கிறாங்க. ஆக, நீங்க கட்டுறது முன்பணம். அதுக்கு வங்கி டெபாசிட் மாதிரிக் காப்பீடு கிடையாது, நடுவுல நிறுத்தினா ரொக்கமாத் திரும்ப வாங்குறதும் கஷ்டம். சேர்றவங்க மூணு கேள்வி கேளுங்க: கட்டுற அன்னைக்கு விலையில் கிராமா வரவு வைக்கிறாங்களா, இல்ல ரூபாயாவா? சேதாரத் தள்ளுபடிக்கு எத்தனை சதவீதம் வரை வரம்பு? நாணயம் வாங்க விடுவாங்களா?

சொக்கிகுளம்_அக்கா எழுதியது:

தெற்காவணி தம்பி சொல்றது கணக்குக்குச் சரி. ஆனா வங்கியில போட்ட காசை வீட்டு ஆம்பளைங்க எடுத்துருவாங்க, கழுத்துல கிடந்தா எடுக்க யோசிப்பாங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு நகைதான் பேர்ல இருக்கிற ஒரே சொத்து. இதை மறந்துட்டு வெறும் சதவீதம் பேசக் கூடாது. இந்த 6 பவுன்ல ஒரு குண்டுமணி கூட விக்க விடாதீங்க.

தெற்காவணி எழுதியது:

விக்கச் சொல்லவே இல்லக்கா. நீங்க சொல்றது உண்மை, இருக்கிறதை அப்படியே காப்பாத்தணும். அதனாலதான் 6 பவுன்ல ஒரு பவுனை மட்டும் வங்கியில வச்சு மீதி அஞ்சையும் வீட்டில் வைக்கச் சொன்னேன். கடனும் வீட்டம்மா பேர்லயே இருக்கட்டும், ரசீது அவங்க கையில. புதுசா வாங்குறது மட்டும் அப்புறம். அப்பவும் வாங்கணும்னா 1, 2 கிராம் நாணயமா, செய்கூலி குறைவா உள்ளதா. ஆனா நாணயத்தை அவசரத்துக்கு அடகு வைக்கிறது நகை அளவுக்குச் சுலபம் இல்லை. கட்டித் தங்கத்துக்கு வங்கி கடனே தராது.

அரசரடி எழுதியது:

நகைக்கடன்ல ஒன்று விட்டுப்போச்சு. 12 மாத முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன் எடுத்தாலும், மாதம் 600 வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். 12-ஆம் மாதம் 7,200 மொத்தமாக நிற்கும், புதுப்பிக்கவும் வட்டியைக் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த 7,200-க்காக மறுபடி தண்டலுக்குப் போன வீடுகள் உண்டு. தனியார் நகைக்கடன் நிறுவனங்களில் இன்னும் கவனம்: மாதாமாதம் கட்டினால்தான் விளம்பரத்தில் சொன்ன குறைந்த வட்டி, தவறினால் அடுத்த படிக்கு ஏறும்.

புதிய விதியில் கடன் வாங்கியவருக்குச் சாதகமாகவும் உண்டு. முழுதும் கட்டி முடித்தால் 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும், அவர்கள் பக்கத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலத்துக்குப் போனால் கடன் போக மிஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும். ஏல அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்த் தவறிவிடாமல் வீடு மாறியதும் முகவரியையும் போன் நம்பரையும் மாற்றுங்கள்.

உசிலை எழுதியது:

எல்லாரும் வட்டியைப் பேசுறீங்க, செய்முறையை, அதாவது சொந்தபந்த விசேஷத்துக்கு வைக்கிற மொய்யை, யாரும் எழுதல. இந்தப் பக்கம் வீட்டுக் கணக்கைக் கவுக்கிறது பாதி அதுதான். உசிலம்பட்டி, திருமங்கலம், செக்கானூரணிப் பக்கம் சொந்தம் இருந்தா 9,500 மாசச் செலவுன்னு எழுதுறது பத்தாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பால்காய்ப்பு, துட்டி (சாவு) வீடு. தாய்மாமன் முறைன்னா சொல்லவே வேண்டாம்.

மொய் நோட்டை எடுத்து வச்சு ரெண்டா எழுதுங்க. நமக்கு வந்து நாம இன்னும் திருப்பிச் செய்யாதது ஒரு பக்கம். நாம செஞ்சு நமக்கு இன்னும் வராதது மறுபக்கம். முதல் பக்கம் முழுக்கக் கடன். வட்டியில்லை, ஆனா தேதியை அவங்கதான் குறிப்பாங்க. வந்த 2,000-க்கு 2,500 வைக்கிறது வழக்கம்னா 2,500-ஐயே கடனா எழுதுங்க. எந்த வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளை, எந்த வீட்டில் காது குத்தாத குழந்தை, யாருக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சுன்னு பார்த்தா அடுத்த ஒரு வருஷத்துக்கு எவ்வளவு போகும்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம்.

மார்கழியிலயும் ஆடியிலயும் விசேஷம் இருக்காது. தையில, ஆவணியில ஒரே முகூர்த்த நாள்ல மூணு பத்திரிகை வரும். அதனால வங்கியில 6 மாச தொடர் வைப்பு ரெண்டு போடுங்க, ஒண்ணு ஆடிக் கடைசியில முடியட்டும், இன்னொண்ணு மார்கழிக் கடைசியில. மாசம் 500-ன்னாலும் போதும்.

நெருக்கடியான வருஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டியதைக் கட்டாயம் செய்யணும், அதுல கௌரவம் இருக்கு. புதுசா மொய் எழுதத் தொடங்குறதைத் தள்ளிப் போடலாம். மூணு வட்டிக்கு வாங்கி மொய் வைக்கிறது மட்டும் கூடவே கூடாது. மொய்ப் பணத்தை நம்பி நாமளே விசேஷம் வச்சாத் தீரும்னு சிலர் யோசிப்பாங்க. 400 பேர் சாப்பாடு இலைக்கு 150-ன்னாலே 60,000. மண்டபம், பந்தல், பிளெக்ஸ், மைக்செட் தனி. எல்லாரும் நெருக்கடியில இருக்கிற வருஷத்தில் மொய் குறையும். செலவு குறையாது.

கீழமாசி எழுதியது:

9,500-இல் குறைக்க இடம் அதிகம் இல்லை, ஆனால் வாங்கும் விதத்தில் கொஞ்சம் இருக்கிறது.

ரேஷன் முழுதாக எடுக்கிறார்களா பாருங்கள். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சீனி கிலோ 25. மாதம் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் வெளியில் வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் இருநூறு ரூபாய் அளவில் வித்தியாசம். மாதக் கடைசிக்கு விட்டால் பருப்பும் பாமாயிலும் தீர்ந்துவிடுவது சகஜம். முதல் பத்து நாளுக்குள் போகட்டும்.

காய்க்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. செல்லூருக்குச் சொக்கிகுளம் பக்கம். விலைப்பலகையில் எழுதிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது. காலை போனால் தரம், கடை கட்டும் நேரத்தில் போனால் மலிவு. மாட்டுத்தாவணி மொத்த மார்க்கெட்டில் 5, 10 கிலோவாக வாங்கினால்தான் பயன். நாலு பேர் வீட்டுக்கு 10 கிலோ தக்காளி அழுகித்தான் போகும். இரண்டு மூன்று வீடு சேர்ந்து பங்கு போட்டால் போகலாம்.

கீழமாசி வீதியில் வருடச் சாமான் வாங்குவது பற்றிக் கேட்பார்கள். எல்லாவற்றையும் வருடத்துக்கு வாங்காதீர்கள், இரண்டு மட்டும் வாங்கலாம். ஒன்று புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். மாதம் அரைக் கிலோ செலவென்றால் 6 கிலோ. கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் கல் உப்பைத் தூவித் தூவி மண் பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். எவர்சில்வரிலும் அலுமினியத்திலும் வேண்டாம், புளிப்பு அரிக்கும். வாங்கும்போது சிவந்த புளியைப் பாருங்கள். கறுத்தது போன வருடச் சரக்கு, விலை குறைத்துத்தான் கேட்க வேண்டும். மற்றொன்று வற்றல் மிளகாய். ராமநாதபுரம் குண்டு மிளகாய் அறுவடை மாசியிலிருந்து சித்திரை வரை. காம்போடு வாங்கி இன்னொரு வெயில் காட்டினால் வண்டு வராது. குலுக்கினால் விதை ஓசை கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஈரம்.

பருப்பு இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம், வண்டு வைத்தால் லாபம் எல்லாம் போச்சு. எண்ணெய் பாக்கெட்டில் விலையைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள்: 1 லிட்டர் என்றால் 910 கிராம் இருக்கும். அதே அளவு பாக்கெட்டில் 850 மில்லி போட்டு இரண்டு ரூபாய் குறைத்து விற்பார்கள்.

கூடல்நகர் எழுதியது:

கரண்டு பில்லுக்கு ஒரு வரி. 2024 ஜூலை கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 510 ஆனால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுகிறது, ஏனென்றால் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள 2.35 ரூபாய்ச் சலுகையும் போய் 4.70 ஆகிவிடும். கணக்கெடுத்த தேதியிலிருந்து 50-ஆம் நாள் மீட்டரைப் பார்த்து 420-ஐத் தாண்டியிருந்தால் கடைசிப் பத்து நாள் கட்டுப்படுத்துங்கள். மாதம் 9,500-இல் ஓடும் வீடு 500-க்குப் போகாது, இது மற்றவர்களுக்காக.

தபால்பெட்டி எழுதியது:

24,800-ஐ எங்கே வைப்பது என்பதுதான் எனக்கு முக்கியம். யு.பி.ஐ. இணைத்த கணக்கிலேயே வைத்தால் தெரியாமலே கரையும். இரண்டாவது கணக்கு ஒன்று, அடிப்படைச் சேமிப்புக் கணக்கோ அஞ்சலகச் சேமிப்போ, யு.பி.ஐ. இணைக்காமல். அஞ்சலகத்தில் குறைந்தபட்சம் 500 இருந்தால் போதும், வட்டி 4 சதவீதம். 9,800 அங்கே இருக்கட்டும். மீதியை வங்கியில் 5,000, 5,000 ஆக மூன்று நிரந்தர வைப்பு. தேவை வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றவை ஓடும். உடைத்தால் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் வட்டிதான் குறையும்.

அவசரப் பணத்தை அஞ்சலக நிரந்தர வைப்பில் போடாதீர்கள். 6 மாதம் வரை எடுக்கவே முடியாது. அஞ்சலகத் தொடர் வைப்பும் 5 வருடம்; 6.7 சதவீதத்தில் மாதம் 1,000 கட்டினால் 71,366 வரும், நல்லதுதான், ஆனால் 3 வருடத்துக்கு முன் மூட முடியாது. 12 தவணை கட்டியபின் பாதிவரை கடன் கிடைக்கும். வரவு ஏறி இறங்கும் வீடு முதலில் வங்கித் தொடர் வைப்பில் பழகிவிட்டு, ஒரு வருடம் கழித்து இதற்கு வரலாம். பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் 8.2 சதவீதம், வருடத்துக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். இந்த வட்டிகளெல்லாம் 2025 வரை இருந்தவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும்.

கணக்கில் மே மாதக் கடைசியில் 456 ரூபாய் கட்டாயம் இருக்கட்டும். மத்திய அரசின் இரண்டு காப்பீடுகளுக்கு அது: 436 ஜீவன் ஜோதி, 20 சுரக்ஷா. முதலாவது எந்த மரணத்துக்கும் 2 லட்சம், 18 முதல் 50 வயது வரை சேரலாம். இரண்டாவது விபத்து மரணத்துக்கு 2 லட்சம். லோடு ஆட்டோ ஓட்டுபவருக்கு இது இல்லாமல் இருக்கக் கூடாது. பணம் இல்லாமல் பிடித்தம் தவறினால் காப்பீடு நின்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வீடு அதைத் தாண்டுகிறது. ஆகவே மருத்துவச் செலவுக்கு இந்த ரொக்கம்தான் முதல் அரண்.

ஆரப்பாளையம் எழுதியது:

குழுக் கடனை முன்னாடியே முடிக்கலாமா அண்ணே? அபராதம் போடுவாங்களா?

அரசரடி எழுதியது:

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குறுங்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது தம்பி. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. வசூலுக்கு வருபவர்கள் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வரக் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448-இல் வழி சொல்வார்கள். ஆனால் இந்த வீட்டுக்கு இப்போது முன்கூட்டி அடைக்கும் அவசரம் இல்லை. கையில் ரொக்கம் இருப்பதுதான் முக்கியம். ஒரு குழுக் கடன் முடியும்போது அடுத்த சுற்றுக்கு ‘எல்லாரும் எடுக்குறாங்க, நீங்களும் எடுங்க’ என்பார்கள். அங்கே நின்றுகொள்ளட்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டேன், சரியான்னு பாருங்க.

அடகுத் தேதிக்கு முதல் நாள் 1 பவுன் சங்கிலியை வச்சு 75,000, வளையலை மீட்கிறது. கையிருப்பு 24,800. தண்டல் முடியுற வரைக்கும் கட்டாயச் செலவு 20,100. அடுத்த ரெண்டு மாசமும் மோசமாப் போனாலும் மாசம் 7,600 துண்டு, மொத்தம் 15,200. கையிருப்பில் 9,600 மிஞ்சும். தண்டல் முடிஞ்சா கட்டாயச் செலவு 14,100. அப்புறம் மோசமான மாசத்தில் துண்டு 1,600 மட்டும். சராசரி மாசத்தில் 5,400 மிச்சம். சீட்டு கடைசியில 95,000, அதுல நகைக்கடன் 75,000-ஐ முடிச்சுச் சங்கிலியை எடுக்கிறது. நகைச்சீட்டு இல்லை. உசிலை சொன்ன தொடர் வைப்பு ரெண்டு, தண்டல் முடிஞ்ச பிறகு. நிரந்தர வைப்பை வீட்டுப் பக்கத்து கூட்டுறவுச் சங்கத்தில் போடலாமா? வட்டி கொஞ்சம் கூடத் தர்றாங்களாம்.

திருமங்கலம்_கணக்கு எழுதியது:

கணக்கு சரி. இரண்டு திருத்தம்.

சீட்டு இன்னும் 13 மாதம் ஓடும், நகைக்கடன் 12 மாதத்தில் முடியும். ஒரு மாதம் இடிக்கிறது. வட்டி மாதாமாதம் கட்டிவந்தால் 12-ஆம் மாதம் புதுப்பித்துக்கொள்ளலாம். கடன் வாங்கும் அன்றே கிளையில் இதைக் கேட்டு வைக்கவும். வண்டி இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) இரண்டையும் யாரும் சேர்க்கவில்லை. வருடத்துக்கு ஆகும் தொகையைப் பழைய ரசீதில் பார்த்து 12-ஆல் வகுத்து, தண்டல் முடிந்த மாதத்திலிருந்து அந்த 5,400-இல் முதலில் அதை எடுத்து வைக்கட்டும்.

தபால்பெட்டி எழுதியது:

கூட்டுறவுச் சங்கம் பற்றி: வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி 4 முதல் அந்த அளவு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் பொருந்தாது. நகைக்கடன் சங்கத்தில் வாங்கலாம். அவசரப் பணத்தை வங்கியில் போடுங்கள்.